தொபியாஸ் இல்லாத பைபிள்

4 ஜூலை 1993, ஞாயிறு
பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் என்னை நிறுத்தினார். இளைஞர் பைபிள் வகுப்புக்கு எந்தப் புத்தகம் என்று இந்த மாதத்துக்குள் முடிவாக வேண்டுமாம். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்குள் பிள்ளைகள் கூடாவிட்டால் வகுப்பை மூடிவிட்டு அறையைப் பாடகர் குழுவுக்குக் கொடுத்துவிடுவாராம். வாரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு ஞாயிறும் கத்த எனக்கென்ன தலையெழுத்தா? ஆனாலும் மூடுவோம் என்றதும் மனசு கேட்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைகள் பயமில்லாமல் கேள்வி கேட்கப் பாளையங்கோட்டையில் வேறு இடம் ஏது?

11 ஜூலை
கூட்டம். பங்குப் பேரவைச் செயலர் மிக்கேல் அண்ணாச்சிக்கு வினா-விடைப் புத்தகம்தான் வேண்டும். மனப்பாடம் பண்ணி மறைமாவட்டப் போட்டியில் கேடயம் வாங்க வேண்டும். "கேடயம் இருந்தாத்தான டீச்சர் பிள்ளைய வரும்?" நோவாவின் பேழைக்கு எத்தனை முழம் என்று தெரிந்து இவர்கள் கப்பலா கட்டப்போகிறார்கள்? இன்னொன்று பெங்களூரிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு. முதல் பாடத்திலேயே ஜானும் மேரியும் பனியில் சறுக்குகிறார்கள்.

18 ஜூலை
மறுபடி கூட்டம். டீ, வடை. முடிவு மட்டும் இல்லை.

25 ஜூலை
சண்டை போட்டே சாதித்தேன். திருச்சியில் ஒரு கன்னியாஸ்திரி எழுதிய சின்னப் புத்தகம். ஒரு கதையை முழுதாக வாசிப்பது, பிறகு பேசுவது, அவ்வளவுதான். முதல் கதை பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் தொபியாஸ் ஆகமம்: கண் போன அப்பா, தூர ஊருக்குப் போகும் மகன், யாரென்று சொல்லாமல் கூடவே வரும் வானதூதர். எல்லாரும் வீட்டிலிருந்து பைபிள் கொண்டுவாருங்கள் என்று அறிவித்துவிட்டேன்.

1 ஆகஸ்ட்
என் புத்திக்கு என்ன வந்தது? தொபியாஸ் எடுங்கள் என்றால் புரட்டுகிறார்கள், புரட்டுகிறார்கள் — பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. நம் கத்தோலிக்க வீடுகளில் செபப்புத்தகம் இருக்கும், பைபிள் எங்கே இருக்கும்? பக்கத்து சி.எஸ்.ஐ. வீடுகளில் இரவல் வாங்கி வந்திருக்கிறார்கள். அவர்கள் புராட்டஸ்டன்ட், அவர்கள் பைபிளில் தொபியாஸ் கிடையாது. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு இது தோன்றவில்லையே.

வகுப்பில் சுகிர்தா என்ற பெண் வைத்திருந்தது மட்டும் இரவல் அல்ல. அவள் அம்மா சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண், கல்யாணத்துக்காக நம் சபைக்கு வந்தவள், வரும்போது கொண்டுவந்த பைபிள் அது. வகுப்பைப் பார்க்க வந்திருந்த மிக்கேல் அண்ணாச்சி அதை எட்டிப் பார்த்தார். "இது நம்ம வேதமில்ல பிள்ள. குறை வேதம். இத எதுக்குக் கோயிலுக்குள்ள கொண்டாந்த?" அவள் அதை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "அண்ணாச்சி, நீங்க பைய வெளிய போங்க" என்றேன். போனார். என்ன பிரயோசனம்? சொன்னது சொன்னதுதான்.

என் பைபிள் ஒன்றை வைத்துச் சத்தமாக வாசித்தேன். குருவி எச்சம் விழுந்து கண் போன இடத்தில் சிரித்தார்கள். மகன் கிளம்புகிறான், நாயும் பின்னால் போகிறது — அதற்குள் நேரமாகிவிட்டது.

8 ஆகஸ்ட்
வகுப்பில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மிச்சக் கதைக்காகவாம். வாரம் கொஞ்சமாகத்தான் வாசிக்கிறோம். சுகிர்தா வரவில்லை. "அவங்க அம்மை அழுதாவளாம் டீச்சர்" என்றாள் அவள் தோழி. அந்தக் கேடயத்தை அண்ணாச்சி தலையிலேயே போட வேண்டும்.

13 ஆகஸ்ட்
சுகிர்தா வீட்டுக்குப் போனேன். "அவளுக்குப் படிப்பு கெடக்கு டீச்சர்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள் அம்மா. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

15 ஆகஸ்ட்
மாதா திருநாள். "வகுப்பு நடக்கட்டும்" என்றார் சாமியார். சந்தோஷப்பட முடியவில்லை.

22 ஆகஸ்ட்
வகுப்பின் நடுவில் சுகிர்தாவின் அம்மா வாசலில் வந்து நின்றாள், பின்னால் சுகிர்தா. அண்ணாச்சி வேறு வராந்தாவில். சரி, இன்று சண்டைதான் என்று எழுந்தேன்.

"டீச்சர், அந்தக் கதைய இவ வீட்டுல வந்து சொன்னா. பாதியில நிக்கி. எங்க அம்மை தந்த வேதத்துல பாக்கவும் வழியில்ல. அந்தப் பெரியவருக்குக் கண்ணு தெரிஞ்சிதா, இல்லியா?"

"இன்னைக்குத்தான் அங்கன வாரோம். உள்ள வாங்க" என்றேன். தொண்டை சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி, பைபிளை அந்த அம்மா கையிலேயே கொடுத்தேன். பெரியவருக்குக் கண் திரும்பும் இடம்வரை நின்றுகொண்டே வாசித்தாள், நிறுத்தி, அழகாக. பிள்ளைகள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சியும் வராந்தாவை விட்டு நகரவில்லை. தன் பைபிளில் தொபியாஸ் இருந்தும் அவருக்கும் முடிவு தெரியாது போலிருக்கிறது.