சிங்கக் கால் தொட்டி

ஸுபைரா,

சுபஹு தொழுதுவிட்டு மறுபடி கண்ணயர்ந்திருந்தாய், எழுப்ப மனமில்லை. பூனாகலைக்குச் சாமான் ஏற்றிப் போகிறேன், இருட்டுமுன், மஃரிபுக்குள் வந்துவிடுவேன். கடைச் சாவி அரிசிப் பெட்டிமேல் இருக்கிறது, உன் தம்பி லத்தீப் வந்தால் கொடு. ரொட்டியை மூடி வைத்திருக்கிறேன். சம்பலுக்கு உப்புப் போதாது.

குளிக்கிற அறையை ஒரு தடவை எட்டிப் பார். சீமைக்குப் போகிற துரையின் பங்களா ஏலத்தில் காலில்லாத தகரத் தொட்டியும் இருந்தது. அதில் குந்தித்தான் இருக்கலாம். நீ சுடுநீரில் இடுப்பை நீட்டிப் படுக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதால்தான் இந்த நீளத் தொட்டியை எடுத்தேன். அதற்குச் சிங்கக் கால் வைத்தது நானா?

"சிங்கக் காலும் உருவந்தானே, உருவம் இருக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வருவாங்களா?" என்று கேட்டாய். "வராட்டிப் போகட்டும்" என்றேன். அது கோபத்தில் வந்த வார்த்தை.

நேற்று நீ உம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, மேசன் மாடசாமியைக் கூப்பிட்டு நாலு காலையும் செங்கல் வைத்துப் பூசச் சொன்னேன். "இவ்வளவு அழகான காலைப் போய் மூடச் சொல்றீங்களே, மொதலாளி!" என்று அங்கலாய்த்துக்கொண்டே பூசினார். சாந்து காயும்வரை தண்ணீர் விடாதே.

புஹாரி

மறந்துவிட்டேன். சுவரோரக் காலுக்கு மாடசாமியின் கை எட்டவில்லை, ஒரு நகம் தெரிகிறது. மனசு ஒப்பாவிட்டால் சொல், சுவரை இடித்தாவது மூடுகிறேன். தொட்டியைத் திருப்பிக் கொடுக்க மட்டும் சொல்லாதே. இடுப்பு வலியில் நீ முனகும்போதெல்லாம் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்.