முப்பத்தொன்றாம் வீட்டு மஞ்சள்

24.1.2025

டீச்சர் எழில்மதி அவர்களுக்கு,

மூன்றாம் வகுப்பு அருள்மொழியின் ஆயா ஆண்டாள் எழுதுவது. இங்கே யாவரும் நலம். உங்கள் நலம் விசாரிப்பதற்கு முன்னால் வேறு ஒன்றை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

நேற்று சாயங்காலம் பேத்தி முழங்கை மடிப்பில் பஞ்சை ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். "யாருடி குத்தனது?" என்றேன். "ஆயா, இனிமே என் பேரு முப்பத்தொண்ணு. ரத்த பாட்டில்ல அப்படித்தான் எழுதினாங்க" என்கிறாள். அவளுக்குப் பேர் வைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் ஒரு ஸ்டிக்கரில் முடித்துவிட்டீர்கள்.

என் மகன் இளமாறன் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டானாம். அவன் யார் எதை நீட்டினாலும் போடுவான். மருமகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். பிள்ளையை வளர்ப்பவள் நான். என்னை ஏன் கேட்கவில்லை? நான் ஐந்தாவது வரை படித்தவள், உங்கள் பள்ளிக்கூடத்திலேதான், அது ஓட்டுக் கட்டடமாக இருந்தபோது. வீட்டுக்கு வரும் காகிதம் உரக்கடை நோட்டீஸாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மடிப்பேன்.

காலையில் என்ன சாப்பிட்டாய், எங்கே தூங்குவாய், வீட்டில் யார் அடிப்பார்கள் என்றெல்லாம் பிள்ளையைக் கேட்டிருக்கிறீர்கள். பாடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எங்கள் நிலத்தில் வேலை செய்யும் இருசம்மாள் மலைமேல் ஊர்க்காரி. அவள் சொல்கிறாள்: "எங்க ஊருக்கும் ஒரு வேனு வந்துச்சும்மா. எல்லார்கிட்டயும் ரத்தம் எடுத்துக்கினு ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டு குடுத்தாங்க. ரத்தத்துல இன்னா இருந்துச்சுன்னு இன்னி வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல."

அங்கே பிஸ்கட், இங்கே கலர் பென்சில். பென்சில் டப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மட்டும் தேய்ந்திருக்கும். நான் பார்ப்பதற்குள் எழுதிவிட்டாள்.

போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். போன் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. கவரைச் சோற்றுப் பசை போட்டு ஒட்டி அவள் பையில் வைத்திருக்கிறேன். பிரிந்திருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆண்டாள்
காலஞ்சென்ற ஆதிமூலம் அவர்களின் மனைவி
பெரிய கிணற்று வீடு


10.2.2025

மதிப்பிற்குரிய ஆண்டாள் அம்மாவுக்கு,

வணக்கம். கவர் பிரியாமல் வந்து சேர்ந்தது. வேனில் வந்தவர்களைப் போல நானும் முடிவைச் சொல்லாமல் விட்டவளாகிவிடக் கூடாது என்றுதான் சோதனை வரும்வரை பதில் எழுதக் காத்திருந்தேன். உங்களை முதலிலேயே வந்து பார்த்திருக்க வேண்டும். அது என் தவறு.

நான் பாடம் எடுப்பவள் இல்லை. பிள்ளைகள் ஏன் வரவில்லை, ஏன் வாடியிருக்கிறார்கள் என்று பார்க்கும் பள்ளிச் சமூகப் பணியாளர். இந்த ஆய்வில் மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். நீரிலும் மண்ணிலும் உணவிலும் கலந்த உலோகங்களைச் சோதிக்கும் வேதியியல் ஆசிரியர் சுபாஷ், ஒரு குழந்தை மருத்துவர், நான். நம்பர் போட்டது பெயரை எடுத்துவிட அல்ல, மறைத்து வைக்க. நாளைக்கு இது புத்தகமாக வந்தாலும் யார் வீடு என்று ஒருவருக்கும் தெரியாது.

அருள்மொழியின் ரத்தத்தில் காரீயம் அதிகமாக இருக்கிறது. பழைய பேட்டரிக்குள் இருக்குமே, அந்த உலோகம். கூடப் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கு இப்படி இல்லை. போன வருஷம் பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தவள், இப்போது ஒரு வரி முடிவதற்குள் விட்டுவிடுகிறாள். அடிக்கடி வயிற்றை மேசையில் அழுத்திக்கொண்டு உட்காருகிறாள். முடிவு வந்த அன்றே உங்கள் மகனுக்குப் போன் செய்தேன். "பாக்கலாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். டாக்டர் பார்க்க வேண்டும். அவள் சாப்பாட்டில் சேரும் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், குடிக்கும் தண்ணீர் எல்லாவற்றிலும் கொஞ்சம் அனுப்புங்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் நிறுத்த முடியும்.

பென்சில் டப்பாவை மறுபடி அனுப்புகிறேன். அது ரத்தத்துக்கு விலை இல்லை அம்மா. அழாமல் இருந்ததற்கு.

அன்புடன்,
எழில்மதி


13.2.2025

டீச்சர் எழில்மதிக்கு,

நீங்கள் போன் செய்ததை இளமாறன் என்னிடம் சொல்லவே இல்லை. கேட்டால், "அவங்களுக்கு வேற வேல இல்ல, நீ கம்முனு இரு" என்கிறான். நான் கம்மென்று இருந்து பழக்கமில்லை.

என் வீட்டில் விஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊரில் அடுப்பங்கரைச் சுத்தத்துக்கு என் பேரைத்தான் சொல்வார்கள். கடைத் தூள் எங்கள் வீட்டுப் படி ஏறாது. எங்களுடையது மஞ்சள் விளைகிற காடு. இளமாறன் இரண்டு வருஷமாகச் கிழங்கைப் போட்டுச் சுற்றும் பாலிஷ் டிரம் சொந்தத்தில் வைத்திருக்கிறான். எங்கள் மூட்டையைப் பிரித்தால் மண்டியில் பக்கத்து மூட்டைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவ்வளவு பளபளப்பு. பிள்ளைக்குத் தினமும் படுக்கும்முன் அரை ஸ்பூன் மஞ்சள் போட்டு, மிளகு தட்டிப் பால் தருகிறேன். வயிறு வலிக்கிறது என்றதிலிருந்து ஒரு ஸ்பூன் ஆக்கியிருக்கிறேன். இதற்குமேல் ஒருத்தி எப்படி வளர்ப்பாள்?

பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்கு அடித்த பெயின்டைச் சோதித்தீர்களா? சத்துணவை? எங்கள் பங்காளி பச்சமுத்து பூச்சிமருந்து டப்பாவைத் தன் கிணற்றடியில்தான் கழுவுவான். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டில் நீங்கள் கேட்காமலே அனுப்பியிருக்கிறேன். அவனிடம் சொல்ல வேண்டாம்.

கேட்ட தூளெல்லாம் இருக்கிறது. மஞ்சளைப் பாருங்கள். வீட்டுக்கென்று பரணில் ஒதுக்கிய கிழங்கை இறக்கி, உரலில் நானே இடித்து, வெள்ளைத் துணியில் சலித்தது. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. உங்கள் மிஷின் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மிஷின் பொய் சொல்லாதே?

இப்படிக்கு,
பெரிய கிணற்று வீட்டு ஆண்டாள்


3.3.2025

அன்புள்ள ஆண்டாள் அம்மாவுக்கு,

நீங்கள் அனுப்பியதில் ஒன்றிலும் காரீயம் இல்லை. பச்சமுத்து கிணற்றிலும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெயின்டையும் சத்துணவையும் நீங்கள் சொன்னபடி சோதித்துவிட்டோம். "இவ்வளவு நல்ல மஞ்சளை நான் பார்த்ததில்லை" என்றார் சுபாஷ் சார். மகிழ்ச்சியாக எழுத வேண்டிய கடிதம் இது. ஆனால் குழந்தையின் ரத்தத்தில் இருப்பது எங்கிருந்தோ வந்துகொண்டுதானே இருக்கிறது?

சங்கராபுரம் பஸ்ஸில் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். பரணில் இருந்த கிழங்கை எடுத்துப் புதிதாக இடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவள் பாலில் தினமும் போடுவதும் அதுதானா? இல்லையென்றால், அடுப்பங்கரை டப்பாவில் இருப்பதை அப்படியே ஒரு ஸ்பூன் அனுப்புங்கள். பதில் தெரியும்வரை மஞ்சள் பால் வேண்டாம்.

அவளைக் கள்ளக்குறிச்சிக்கு இன்னும் அழைத்து வரவில்லை. டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
எழில்மதி


5.3.2025

டீச்சர் அவர்களுக்கு,

வெளி ஆள் ஒரு பொருள் கேட்டால் புழங்கின டப்பாவில் கைவிட்டு அள்ளித் தருவது எங்கள் வழக்கம் இல்லை. உறைமோர் கேட்டு வந்தால்கூடப் புதுப் பானையில் இருந்துதான் ஊற்றுவோம். அந்த மரியாதையை உங்களுக்கும் செய்தேன். நீங்கள் அதையே எடுத்து என் கையைச் சந்தேகப்படுகிறீர்கள்.

நல்லது என்று மிஷின் சொல்லியும் உங்களுக்குத் திருப்தி இல்லை. இனிமேல் கடிதம் வேண்டாம். வீட்டுக்கும் வர வேண்டாம். அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஆண்டாள்

மஞ்சள் பாலை நிறுத்தச் சொன்னீர்கள். ஏன் என்று எழுதவில்லை.


17.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக எழுதி, இருசம்மாள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அருள்மொழி போன வாரம் முழுக்கப் பள்ளிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகன் டிரம் சுற்றிக்கொண்டிருந்தார். "அம்மா ஊர்ல இல்லீங்க. நைனார்பாளையம் போயிருக்காங்க. பாப்பாவும் கூட போயிருக்கு" என்றார். வாசலில் பெண்கள் போடும் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. பக்கத்தில் சின்னச் செருப்பும் கிடந்தது.

அவர் கையைக் கழுவியபோது கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக ஓடிய தண்ணீரைப் பார்த்தேன். கிழங்கு விடும் சாயமாக எனக்குத் தோன்றவில்லை. சில இடங்களில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஒரு பொடி சேர்ப்பார்கள், அதில் காரீயம் இருக்கும் என்று சுபாஷ் சார் சொல்லியிருக்கிறார். பாலை நிறுத்தச் சொன்னது அதனால்தான். உங்கள் வீட்டில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்கிறேன்.

உள்ளே போன காரீயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இழந்ததெல்லாம் திரும்பும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்க மாட்டார். இன்றைக்கு நிறுத்தினால் இன்றோடு நிற்கும், அதை மட்டும் சொல்வார்.

எழில்மதி


24.3.2025

அம்மா எழில்மதிக்கு,

இதை நீங்கள் படிக்கும்போது நான் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வாயால் கேட்காதீர்கள். சொல்ல வராது. அதனால்தான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்.

நீங்கள் வந்த அன்று நான் உள்ளேதான் இருந்தேன். பிள்ளை என் மடியில் சுருண்டு படுத்திருந்தாள். உங்கள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று நானாகத்தான் கதவை ஒருக்களித்துக்கொண்டேன். ஆனால் அவன் நைனார்பாளையம் என்றானே, அதுதான் சுருக்கென்றது. என் தங்கை செத்த பிறகு அந்த ஊர்ப் பக்கமே நான் போனதில்லை. அது அவனுக்கும் தெரியும். நான் கோபத்தில் ஒளிந்தேன். அவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அன்றைக்கு என் சந்தேகம் உங்கள் மேலிருந்து எழுந்து அவன் மேல் போய் உட்கார்ந்தது. பாலை அன்றே நிறுத்தினேன். இருசம்மாள் உங்கள் கடிதத்தைக் கொடுத்ததும் மகனைக் கூப்பிட்டேன்.

"அடுப்பங்கரை டப்பால இருக்கறது எந்த மஞ்சள்டா?"

"நம்ம மஞ்சள்தான்."

"எந்த மூட்டை?"

"மண்டிக்குப் போறது. நீதான தோளு வலிக்குது, இடிக்க முடியல, மிஷின்ல அரைச்சுக்கினு வான்ன?"

"டிரம்முல இன்னா போடற?"

"கலரும்மா. அது இல்லன்னா அந்தப் பளபளப்பு எங்க வரும்? நீயும்தான ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச? சும்மா மேலாக்க தூவறது, பொங்கலுக்கு செவுத்துக்கு அடிக்கற மாதிரி. ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதுன்னா, அந்தப் பையத் தொறந்து ஒரு சிட்டிகை வாயில போடு. நான் பாக்கறேன்."

அவன் பையைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். போடவில்லை.

அம்மா, எனக்கு உங்கள் மிஷின் அதற்குமேல் தேவைப்படவில்லை. டப்பாவில் இருப்பதும் அதுதான் என்று அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அரைச்சா போயிடும்னு நெனச்சேன்" என்றான். நினைத்தானா, நினைத்துக்கொண்டானா, அதை நான் இன்னும் தோண்டவில்லை. பெற்றவளுக்குத் தோண்டப் பயமாக இருக்கிறது.

ஆனால் வயிறு வலிக்கிறது என்றதும் ஒரு ஸ்பூன் ஆக்கியவள் நான். அதைப் பெருமையாக உங்களுக்கு எழுதியவளும் நான். அந்தக் கடிதம் உங்களிடம் இருக்கும். கிழித்துவிடாதீர்கள். ஆதாரம்.

"டீச்சருகிட்ட போனீன்னா வூட்டு மானம் போயிடும். நாளைக்கு போலீசு வந்தா நீதான் என்னப் புடிச்சிக் குடுத்தவ" என்றான். "மானம் ஒரு வருஷமா உன் பொண்ணு வயித்துக்குள்ளதான்டா போய்க்கினு இருந்துச்சு" என்றேன். மறுநாள் காலை பஸ்ஸுக்குத் திருப்பூர் போய்விட்டான். சாப்பிடவில்லை. மருமகள் போனில் அழுதாள், யாருக்காக என்று தெரியவில்லை. டிரம் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. பாக்கி மூட்டைகளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். போன மூட்டைகள் எந்த மண்டிக்குப் போயின என்று உங்களிடம் வந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவன் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். வேறு வீடுகளிலும் பால் காய்ச்சுவார்கள் இல்லையா.

என் பக்கத்தில் இருக்கும் மஞ்சப்பையில் அந்த டப்பா இருக்கிறது. பாதிதான் இருக்கும். பிள்ளையின் சின்ன ஸ்பூன் உள்ளேயே கிடக்கிறது. துடைக்கவில்லை, கழுவவில்லை, விளிம்பில் ஒட்டியிருப்பது அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து இப்படி ஒரு சாமான் வெளியே போவது இதுதான் முதல் தடவை. கலர் பொடியைத் தனியாகப் பாலித்தீனில் கட்டி வைத்திருக்கிறேன். பிள்ளை கை படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் வரும்போது அருள்மொழி கேட்டாள்: "ஆயா, டாக்டரு பேரு கேட்டா முப்பத்தொண்ணுன்னு சொல்லட்டுமா?" "உன் பேரச் சொல்லுடி, சத்தமா சொல்லு" என்றேன். டாக்டரிடம் நீங்களும் சொல்லுங்கள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மருந்து கொடுக்கட்டும்.

புத்தகத்தில் எழுதும்போது எங்கள் பேர் வராது என்று சொன்னீர்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அதைத்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முப்பத்தொன்று