நாற்பது பனியன், ஒரே முகம்

2-10-1984
பழவேற்காட்டில் கௌஸ் மைதீனின் அச்சுக் கொட்டகை. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத்துணி; அதன் மேல் கறுப்பு மை. ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. அடியிலிருக்கும் பனியனில் நடிகரின் முகம் விழுகிறது. ரசிகர் மன்றத்துக்கு நாற்பது, இரண்டு குப்பங்களுக்கு.

“மூக்கு சப்பையா கீதே பாய்?” என்றான் மன்றத்து மாரி.

“மீச கீதுல்ல? போட்டுக்கினு போ.”

எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழுக்கு அரைப் பக்கம் தேறும்.

12-11
புயல். ஏரியில் இறால் பிடிக்க இறங்கியவர்களில் இருவர் திரும்பவில்லை. வடக்குக் குப்பத்துச் சின்னப்பன், தெற்குக் குப்பத்துத் தங்கவேல்.

15-11
மணல்திட்டில் ஓர் உடல். முகத்தை நண்டு தின்றிருந்தது. மார்பில் நடிகர் அப்படியே இருந்தார். சின்னப்பன் மனைவி கஸ்தூரி தூரத்திலேயே பனியனைப் பார்த்து, “ஐயோ, எங்க வூட்டுக்காரரு!” என்று விழுந்தாள். நாற்றம். ஆண்கள் பாயில் சுற்றி உடனே புதைத்தார்கள். சின்னப்பன் பெயரைப் பத்திரிகைக்குத் தந்தியில் அனுப்பினேன்.

17-11
செய்தி வந்துவிட்டது. தங்கவேல் மனைவி ராஜம்மா பொன்னேரியில் என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றாள்.

“அதே பனியன எங்காளுக்கும் குடுத்தாங்க சார். நீ இன்னாத்த வச்சு சின்னப்பன்னு எழுதுன?”

அக்டோபர் குறிப்பைப் புரட்டினேன். நாற்பது என்று குறித்துக்கொண்டவன் நான்தானே?

18-11
மணல்திட்டில் அந்த உடலை நான் எடுத்த புகைப்படத்தைக் கௌஸ் மைதீன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தாடையில கோடு கீது பாருங்க சார். இருவத்தஞ்சு போட்டப்புறம் பட்டு கீறிக்கிச்சு. கோடு வுழுந்ததெல்லாம் தெற்குக் குப்பத்துக்குத்தான் குடுத்தேன்.”

அப்படியானால் புதைத்தது தங்கவேலை.

19-11
கஸ்தூரியிடம் சொன்னேன்.

“அப்ப என் ஆளு உசுரோட கீறாரா சார்?”

ஏழு நாள் — என்ன சொல்வேன்? தெரியாது என்றேன். பக்கத்து வீட்டில் குங்குமம் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஐயோ, இது எங்கே போய் முடியும்?

21-11
கோரைக்குள் இன்னோர் உடல். துணியே இல்லை. ஆண்கள் பாயை விரித்தார்கள்.

“இருங்க,” என்றாள் கஸ்தூரி. இடது காலைத் தூக்கிச் சேற்றைக் கழுவினாள். சுண்டுவிரல் இல்லை. திருக்கை முள் குத்திச் சீழ்பிடித்து, முன்பே வெட்டி எடுத்ததாம்.

“இவருதான்.” அழவில்லை. புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள்.

22-11
திருத்தம் எழுதினேன், இரண்டு பெயரும் சேர்த்து. அனுப்பும் முன் தெற்குக் குப்பத்துக்குப் போனேன். தங்கவேல் உடம்பில் என்ன அடையாளம் என்று ராஜம்மாவிடம் கேட்டேன்.

“மண்ணப் போட்டு மூடுனப்புறம் கேக்கறியே சார்,” என்றாள்.