அண்ணனின் எடை

4-6-2012, திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம். வாங்க: இளநீர், ஓட்ஸ், ஊக்கு (எல்லாப் பாவாடையும் நழுவுகிறது).

நாகர்கோவிலில் டாக்டரம்மா. பெருங்குடலில் புற்று ஏன் வந்தது என்று கேட்டேன். "உடம்பு எடையும் ஒரு காரணமா இருக்கலாம். அது மட்டும்தான்னு சொல்ல முடியாது. கூடப்பிறந்தவங்க உண்டா?"

ஒரே அண்ணன். என்னைவிடப் பருமன்.

"அப்ப அவரும் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்துடணும். தள்ளிப்போட வேண்டாம்."

அண்ணனுக்கென்று சீட்டு எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் பட்டுச்சேலை மடிப்பில் வைத்துப் பீரோவைப் பூட்டினேன். அவனிடம் சொல்ல மாட்டேன்.

6-6, புதன்

கஞ்சி, பயறு. பள்ளிக்கூடத்துக்கு லீவு நீட்டிப்பு எழுத வேண்டும்.

சீட்டு ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு சந்தோஷம். பன்னிரண்டு வயதில் எனக்கு ஆனைக்குட்டி என்று பேர் வைத்தவன். அவன் மகள் கல்யாணப் பந்தியில், விளம்புகிறவனிடம், "ஏலே, எனக்க தங்கச்சிக்கு ரெண்டு இலை போடுலே!" போட்டான். பந்தி முழுக்கச் சிரிப்பு. குனிந்தபடியே சாப்பிட்டேன். அவன் தொப்பை மட்டும் துபாயில் சம்பாதித்த காசின் லட்சணமாம்.

ஆபரேஷனுக்கு முன் எட்டு மாதம் எனக்கு மலத்தோடு ரத்தம் போனது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால், தின்னது போதாதா என்பான். அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவது?

9-6, சனி

வெயில். அண்ணனும் மைனியும் வந்தார்கள், ஒரு சீப்பு ஏத்தன்பழத்தோடு.

"ஏட்டி, மெலிஞ்சு அழகாயிட்டியே! சீக்கு வந்தாலும் கொள்ளாம்." தன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

அடுக்களையில் மைனி காதோடு: "சரோசா, ஒனக்க அண்ணனுக்கும் ரெண்டு மாசமா ரத்தம் போவுது. மூலம்னு சொல்லுதாவ. வெளிய பறையப்பிடாதாம்."

சீனி டப்பாவைத் திறந்தேன். பீரோ பத்தடி தூரம். சாயா கலக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

10-6, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். வெட்கமில்லை. பல் தேய்க்கும்போது தோன்றியது: செத்தால் தப்பித்துவிடுவான். ஊர் கூடி நல்லவன் என்று அழும். கூடாது. இருந்து படட்டும். ஊசி, மருந்து, வாந்தி, எல்லாம்.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சீட்டை ஒரே மூச்சில் வாசித்தேன்.

"எனக்குப் பயமா இருக்குட்டி."

"பயப்படு" என்றேன். கூட வருவதாகவும் சொன்னேன். நான் பார்க்க வேண்டும்.

13-6, புதன்

மறுபடி மழை. கேமரா சோதனைக்காக நேற்று முழுக்கப் பேதி மருந்து குடித்து அண்ணன் வெளிறிப் போயிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் எடை மிஷினில் அவனை நானே ஏறச் சொன்னேன். வராந்தாவில் நாற்பது பேர். நர்ஸ் பேப்பரைப் பார்த்தபடி, "எடை?" வாய்க்குள் முனகினான். "கேக்கல."

எழுந்து நின்றேன். "நூத்திப் பதினெட்டு கிலோ!"

எல்லாத் தலையும் திரும்பியது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெஞ்சிலிருந்த ஒரு கிழவர் நகர்ந்து உட்கார்ந்து, "இங்க இரி மக்கா" என்று அவனுக்கு இடம் விட்டார். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது.