புல் எரிந்தபின் தெரிந்த வரம்பு

ஓகஸ்ட் 5, செவ்வாய்

வெக்கை. கச்சான் காற்று என் ஸ்டூடியோக் கடைக்குள்ளும் மண்ணை அள்ளிப் போடுகிறது. காலையில் அடையாள அட்டைப் படம் மூன்று, ஒரு கைக்குழந்தை (ஒரே அழுகை).

பத்து மணிக்குத் தம்பலகாமத்திலிருந்து இரண்டு பேர். பரமேஸ் அண்ணை, ஹனீபா நானா. அடுத்தடுத்த வயல்காரர். ஒன்றாக வந்து ஆளுக்கொரு மூலையில் கதிரை போட்டு இருந்தார்கள். சண்டைக் காலத்தில் விட்டுப்போன காணி, இப்போது ஆள் உயரத்துக்கு இலுக்குப் புல். நடு வரம்பு எங்கே என்பதில் தகராறு, இரண்டு வருடமாக இருவருக்கும் சரியான பேச்சு இல்லை. வியாழன் அனுமதியோடு புல்லை எரிக்கிறார்கள். எரிக்க முன், எரியும்போது, எரிந்தபின் என்று காணிக் கந்தோர் அதிகாரிகளுக்குப் படம் வேண்டும்.

"ஏன் என்னட்ட வந்தனீங்கள்?"

"ரெண்டு பக்கமும் சேராத ஆள் வேணும் தங்கச்சி," என்றார் நானா.

கல்யாண வீட்டு ஓமத்தைத் தவிர வேறு நெருப்பைப் படம் எடுத்ததில்லை. ஆனாலும் ஓம், வாறன் என்றுவிட்டேன்.

ஓகஸ்ட் 6, புதன்

கொண்டுபோக: நீள லென்ஸ், பற்றரி 3, பருத்திச் சட்டை (நைலோன் கூடாது), சப்பாத்து, ஈரத் துவாய், தண்ணீர். மேலிருந்து எடுக்க உயரத்துக்கு என்ன செய்வது?

வீட்டில் இவர் சொன்னார்: "பயமெண்டா விடுமன்."

பயம்தான். போகவும் ஆசை.

ஓகஸ்ட் 7, வியாழன்

முதல் பஸ். காற்று எழும்ப முன் கொளுத்த வேண்டுமாம். நெருப்புத் தாண்டாமல் சுற்றிவர உழுத வெறும் மண். தண்ணீர் பவுசர் வண்டி ஒன்று, நெருப்பை அடித்து அணைக்கப் பச்சைக் குழையோடு பத்துப் பேர். முதலில் தகரம் தட்டி உள்ளே இருந்ததையெல்லாம் விரட்டினார்கள். முயல்கள், ஒரு உடும்பு, கோபத்தோடு இரண்டு மயில்.

ஓரத்து மருத மரத்தில் யானைக் காவல் பரண். "ஏறுவீங்களோ?" என்று அண்ணை கேட்டு முடிக்கும்போது பாதி ஏணி ஏறிவிட்டேன். நாற்பத்தாறு வயதில்.

கொளுத்தினார்கள். பெருமழை தகரக் கூரையில் விழுவது போலச் சத்தம். பூச்சி பிடிக்க எங்கிருந்தோ கொக்குகள். எடுத்தேன், எடுத்தேன்.

திடீரென்று காற்றுத் திரும்பியது. புகை என் முகத்தில். ஒரு பொறி உழுத மண்ணைத் தாண்டி அண்ணையின் வைக்கோலில். அண்ணை ஓடி வருவதற்குள் நானா பவுசர்க் குழாயை இழுத்துக்கொண்டு அங்கே நின்றார். அணைந்தது.

"நானா, அது என்ர பக்கமெல்லோ."

"நெருப்புக்குத் தெரியுமா உங்கட பக்கம், எங்கட பக்கம்?"

இருவர் முகமும் கரி. முதலில் அண்ணை சிரித்தார், பிறகு நானாவால் நிறுத்த ஏலவில்லை. அதையும் எடுத்தேன்.

புகை விலகியபோது, கறுத்த சாம்பலுக்குள் நேராக ஒரு மேடு. கீழே நிற்பவர்களுக்குத் தெரியவில்லை. மேலிருந்து கத்தினேன்: "அண்ணை, வரம்பு தெரியுது. இன்னும் ரெண்டு அடி வலப்பக்கம். ஓம், அதிலதான் நிக்கிறீங்கள்."

நானா காலால் மிதித்துப் பார்த்தார். இறுகிய பழைய மண். அண்ணை சொன்ன இடமும் இல்லை, நானா சொன்ன இடமும் இல்லை. இருவரும் முன்பின்னாக அதன் மேலே கடைசிவரை நடந்தார்கள். படம் தெளிவு. வீட்டுக்கு வரும்வரை வாய் மூடவில்லை நான்.

ஓகஸ்ட் 9, சனி

தலைமயிரில் இன்னும் புகை மணம். பின்னேரம் ஹனீபா நானா வந்தார், இஸ்திரி போட்டு மினுக்கிய சேட்டோடு. வரம்புப் படங்களைப் பார்த்தார், தலையாட்டினார். சிரிக்கும் படத்தில் நின்றுவிட்டார்.

"அதெல்லாம் கந்தோருக்கு. வீட்டில மாட்ட இதைப் பெரிசாக்கித் தாங்க. பரமேஸிட்டச் சொல்ல வேணாம், பகிடி பண்ணிச் சிரிப்பார்."

சரி என்றேன். காலையில் பரமேஸ் அண்ணையும் அதே படத்தைத்தான் கேட்டார். நானாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றார்.