வண்டி அவிழ்க்க இடம்

புதுச்சேரி,
8-2-1957

சைகோனில் இருக்கும் என் மாமா அவர்களுக்கு, தையல்நாயகி கும்பிட்டு எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் வரலட்சுமியும் சுகம். உங்கள் இருமல் விட்டதா? போன கடிதத்தில் இருமலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதனால் விட்டுவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இங்கே புதிதாக ஒரு தொல்லை வந்திருக்கிறது. மேரியிலிருந்து ஓர் உத்தரவு. இனி முனிசிபாலிட்டி என்றுதான் சொல்ல வேண்டுமாம், எனக்கு வாயில் வரவில்லை. பெரிய மார்க்கெட்டைச் சுற்றிக் கருவாடு, அரிசி, உப்பு விற்கிற கடைகள் எல்லாம் தங்கள் மனைக்குள்ளேயே இரண்டு மாட்டு வண்டி அவிழ்க்க இடம் வைக்க வேண்டும். தெருவில் வண்டி நிற்கக் கூடாது. இடம் இல்லாத கடைக்கு லைசென்சு கிடையாது. நம் கருவாட்டுக் கடை உங்களுக்குத் தெரியாததா? முன்னால் நாலு கூடை வைத்தால் உள்ளே ஆள் திரும்ப முடியாது. மாட்டை என் தலையிலா கட்டுவது?

எதிர்க்கடைச் செல்வாம்பாளுக்கு ஒரு கவலையும் இல்லை. அவள் புருஷன் பக்கிரி போன ஐப்பசியில் சைகோனிலிருந்து திரும்பி வந்துவிட்டதை எழுதியிருந்தேன். வந்த ஆள் சும்மா இருந்தாரா? பின்பக்கச் சுவரை இடித்து, பெரிய முற்றமாகப் போட்டு, மாட்டுக்குத் தொட்டியும் கட்டிவிட்டார். விழுப்புரம், திண்டிவனம் வியாபாரிகள் எல்லாம் இப்போது வண்டியை நேரே அங்கேதான் விடுகிறார்கள். நீங்கள் இருந்தபோது நம் வாசலில் நின்ற வண்டிகள்தான் அவை. மாடுகளைக்கூட எனக்கு அடையாளம் தெரிகிறது.

பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான். உங்களிடம் ஒளிப்பானேன்? அவள் கல்லாவில் உட்கார்ந்திருக்க, அந்த மனுஷன் காப்பி வாங்கி வந்து ஆற்றிக் கொடுக்கிறார். தெருவே பார்க்கிறது. அவளுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உத்தரவிலிருந்து விலக்குக் கேட்டு மனுப் போடலாம் என்று மனு எழுதுகிற கன்னியப்பன் சொன்னார். பிரெஞ்சில் எழுதிவிட்டு எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். இந்தக் கடைக்கு வண்டி வருவதில்லை, வைத்திக்குப்பத்துப் பெண்கள் சரக்கைத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார்கள், வாங்குகிறவர்களும் தலைச்சுமையாகவே கொண்டுபோகிறார்கள், ஆகவே வண்டிக்கு இடம் தேவையில்லை என்று எழுதியிருக்கிறார். அத்தனையும் உண்மை. ஆனால் அந்த மனுஷன் தொண்டையைத் திறந்து படித்தபோது செல்வாம்பாள் தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நம் கடைக்கு வண்டி வருவதில்லை என்று நானே எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன், அவள் பார்க்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மனு போய்விட்டது. வருகிற இருபதாம் தேதி காலையில் அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். அன்றைக்கு எதிரே ஐந்து வண்டி நிற்க, நம் வாசலில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தால் உங்கள் பேர் என்ன ஆவது? அதனால் காலாப்பட்டில் இருக்கும் என் தம்பி குப்பனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். உறவுக்காரர்களிடம் ஆறு வண்டி கேட்டு வாங்கி, அன்று விடியும்போதே நம் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஐந்து என்றால் நமக்கு ஆறு. கேட்டால் நீங்களும் சந்தோஷப்படுவீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தையல்நாயகி


புதுச்சேரி,
15-3-1957

மாமா அவர்களுக்கு, தையல்நாயகி வணக்கத்துடன் எழுதுவது. வரலட்சுமி சுகம். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ஆறு வண்டியை நிறுத்தாதே, வண்டியைப் பார்த்தால் மனு கெட்டுவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் புத்தி எனக்கு ஏன் வரவில்லை என்று நானும் இருபது நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் எழுத்து கப்பல் ஏறுமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

சொல்லியபடி குப்பன் ஆறு வண்டியோடு வந்தான். மாட்டுக் கொம்புக்கு மஞ்சள் பூசி, சலங்கை கட்டி, கல்யாணத்துக்கு வருவதுபோல வந்தார்கள். தெரு அடைத்துப்போய், ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டிகூட நுழைய முடியவில்லை. அதில் சவாரி வந்த மதாம் பாதி வழியில் இறங்கி நடந்தாள். நான் கூண்டு வண்டியின் ஓரமாக நின்று செல்வாம்பாள் முகத்தைப் பார்த்தேன். அன்று காலை அரை மணி நேரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது.

அப்புறம் அதிகாரி வந்தார். சைக்கிளை உருட்ட இடமில்லாமல் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இதெல்லாம் யாருடைய வண்டி என்று கேட்டார். முதல் வண்டியில் இருந்த அம்மாவாசை, நான் சொல்லிக்கொடுத்திருந்தபடியே, "எல்லாம் இந்தக் கடைக்கு வர்ற வண்டிங்கதான் சாமி, தெனமும் வரும்" என்றான். அதிகாரி கோபப்படவில்லை. கன்னியப்பனைக் கூப்பிட்டு மனுவைக் கையில் கொடுத்து, இரண்டாவது வரியைத் தமிழில் படிக்கச் சொன்னார். அவர் படித்தார். இந்தக் கடைக்கு வண்டி வருவதில்லை. தெருவில் அத்தனை பேரும் சிரித்தார்கள். பக்கிரி அண்ணன் ஓடிவந்து ஆறு வண்டியையும் ஒவ்வொன்றாகத் தங்கள் முற்றத்துக்குள் ஓட்டிவிட்டார். ஆறும் அடங்கிவிட்டன மாமா. இன்னும் இடம் மிச்சம் இருந்தது.

விலக்கு இல்லை என்று எழுதிவிட்டார்கள். சித்திரை முடிவதற்குள் வண்டிக்கு இடம் காட்டாவிட்டால் கடையை மூட வேண்டும். இதை உங்களுக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். வெட்கத்தில் எழுதவில்லை.

மறுவாரம் செல்வாம்பாள் கடைக்குள் வந்தாள். குத்திக் காட்ட வந்தாள் என்றுதான் நினைத்தேன். அவளோ தங்கள் முற்றத்தில் நம் கடைக்கென்று இரண்டு வண்டி இடம் விடுவதாகவும், பத்திரம் பதிகிற நொத்தேரிடம் போய் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றும், மேரியில் அதை ஒத்துக்கொள்வார்கள், விசாரித்துவிட்டேன் என்றும் சொன்னாள். எனக்கு உன் பிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் போகவில்லை. கருவாட்டுக் கூடைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நானும் ஒம்போது வருசம் தனியா கடை பாத்தவதான்க்கா. அப்ப நீ புருசனோட குந்திகினு இருந்த. ஒன்னப் பாத்து எனக்கு எப்பிடி எரியும் தெரியுமா?" என்றாள்.

நீங்கள் இருந்த காலத்தில் நான் அவள் பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை. பார்க்க நேரமில்லை. நாம் இருவரும் கணக்குப் பார்க்கிறோம் என்று சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருப்போம். அதையெல்லாம் எதிர்க்கடையில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இப்போதுதான் தெரிகிறது. அவளிடம் நன்றி என்று வாய் திறந்து சொல்லவில்லை. நெத்திலிக் கருவாடு கொஞ்சம் இலையில் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். அவளிடமே ஒரு கடை கருவாடு இருக்கிறது.

இதனால் என் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நேற்றுப் பக்கிரி அண்ணனுக்குக் காய்ச்சல். அவள் கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கஞ்சி வைக்கப் போனாள். அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது. உங்களுக்கு இருமல் என்றால் யார் வெந்நீர் வைக்கிறார்கள் என்று இத்தனை வருஷமாக நான் கேட்டதில்லை. பதிலுக்குப் பயந்துதான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

இனி காரியம். லைசென்சு உங்கள் பேரில் இருக்கிறது. நொத்தேர் முன்னால் செல்வாம்பாளும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். மனுவுக்குச் செல்லுபடியான என் கையெழுத்து இதற்குச் செல்லாது. ஆனால் அதற்காக நீங்கள் கப்பல் ஏற வேண்டியதில்லை என்று கன்னியப்பன் சொல்கிறார். "என் மனைவி என் சார்பில் கையெழுத்திடலாம்" என்று நீங்கள் அங்கே ஓர் அதிகாரப் பத்திரம் எழுதி, முத்திரை வைத்து விமானத் தபாலில் அனுப்பினால் போதுமாம். எட்டு நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார். இதை உங்களுக்கு எழுதாமல் மறைக்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைக்க மனம் வரவில்லை.

மாமா, நான் இதுவரை உங்களிடம் புடவை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை, திரும்பி வாருங்கள் என்றுகூட ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. வேல்முருகன் புண்ணியத்தில் நீங்கள் எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். சித்திரை முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கப்பலுக்கு அது போதும். நீங்களே வந்து கையெழுத்துப் போட்டால் கடை இருக்கட்டும், இல்லையென்றால் மூடட்டும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்தப் பத்திரத்தை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தையல்நாயகி