எஞ்சின் இன்னும் உங்கள் கையில்

என் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய வேப்பம்பட்டுச் சம்பந்தி அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது? என் நலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆவடி கோவில்பதாகை வீட்டில் நான் இருக்கிறேன். ஹாலில் நம் பொம்மை ரயில் இருக்கிறது, போன வாரம் வரை நீங்கள் நிறுத்திய அதே இடத்தில். சமையலறைக்குப் போக நான் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தினமும் தாண்டினேன்.

செல்போனில் அந்த ரயில் செயலியைத் திறந்தால் இன்றைக்கும் ஒரே வரிதான் வருகிறது. எஞ்சின் 'வேப்பம்பட்டு மாமா' கையில் இருக்கிறதாம். கவிதா உங்கள் போனுக்கு வைத்த பெயர். என் போனுக்கு 'ஆவடி அப்பா'. ஓட்டி முடித்தவர் 'ரிலீஸ்' என்ற பொத்தானை அமுக்கினால்தான் அந்தச் செயலி எஞ்சினை விடும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அமுக்காமலே போய்விட்டீர்கள்.

என் மகள் உங்கள் வீட்டு மருமகளாகி ஒன்பது வருடமாகிறது. கல்யாணத்தன்று முதல் பந்தியில் உங்கள் அக்காவை உட்கார வைக்க மறந்துவிட்டோம். மத்தியானம் வரை நீங்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு. பெண்ணைக் கொடுத்தவன் கொஞ்சம் குனிந்துதான் நிற்க வேண்டும் என்று விருதுநகர்ப் பக்கத்தில் எங்களை வளர்த்திருக்கிறார்கள். ஆவடியில் முப்பது வருடம் லேத் மெஷினில் கடைசல் பிடித்தும் அந்த வளைவு எனக்கு நிமிரவில்லை.

பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போன பிறகு மாதம் ஒருமுறை மரியாதைக்கு வந்து என் சோபாவின் அந்த ஓரத்தில் உட்காருவீர்கள். நான் இந்த ஓரத்தில். "சாப்ட்டீங்களா?" "ஆச்சு." "மழ வருமா?" "வரும்போல இருக்கு." அதற்குமேல் ஃபேன் சத்தம்தான். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் கவிதா ஒரு லீவுக்கு வந்தபோது பெட்டி நிறையத் தண்டவாளமும் ஓர் எஞ்சினும் ஐந்து கோச்சுகளும் கொண்டுவந்து இறக்கினாள். "ரெண்டு பேரும் சேர்ந்து எதையாவது ஓட்டுங்கப்பா" என்றாள். உங்கள் வீட்டு ஹால் சின்னது. என் ஹால், அவள் அம்மா போன பிறகு, சும்மாதான் கிடந்தது.

செருப்பு ஸ்டாண்டை வேப்பம்பட்டு ஸ்டேஷன் ஆக்கினீர்கள். ஜன்னலடி திருநின்றவூர். சாப்பாட்டு மேஜைக்குக் கீழே பட்டாபிராம். என் படுக்கையறை வாசல் ஆவடி. போனில் விரலை மேலே தள்ளினால் வேகம், கீழே இழுத்தால் வண்டி நிற்கும், ஓரத்தில் ஹாரன். அந்த ஹாரனை நீங்கள் விட்டுவைத்தீர்களா? பாடியில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்த மனிதர், ஒரு பல்லி குறுக்கே போனால்கூட அடிப்பீர்கள்.

முதல் வாரம் நடந்தது நினைவிருக்கிறதா? எஞ்சின் உங்கள் கையில். நானும் ஓட்டப் பார்த்தேன். என் போனில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. உங்களிடம் காட்டினேன். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு எழுத்துக்கூட்டினீர்கள்.

"ஸ்டீலான்னு கேக்குது சம்பந்தி. பிளாஸ்டிக்குன்னு நெனச்சிகினு கீது போல. ஆமான்னு அமுக்குங்கோ."

இரும்பிலேயே ஆயுசைக் கழித்த இரண்டு பேருக்கு வேறென்ன தோன்றும்? அமுக்கினேன். உங்கள் போன் செத்துப்போனது, வண்டி என் கைக்கு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீடியோ காலில் கவிதா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்பா, அது இரும்பு இல்ல. திருடிக்கவான்னு கேக்குது. மாமா கையிலேர்ந்து நீங்க எஞ்சினத் திருடிட்டீங்க!"

எனக்கு முகம் செத்துவிட்டது. நீங்களோ தொடையைத் தட்டிக்கொண்டு, "பொண்ணக் குடுத்துட்டு எஞ்சினத் திருடிகினீங்களா சம்பந்தி!" என்று ஊர் கேட்கச் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு, அந்த ஒரு நாள் வரை, நான் அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. நீங்களாக ரிலீஸ் செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். "எடுத்துக்கோங்கோ, நான் ஒண்ணும் பந்தியாண்ட போயி மூஞ்சத் தூக்கிகினு நிக்க மாட்டேன்" என்று கேலி செய்வீர்கள். உங்கள் வாயிலிருந்தே அந்தப் பந்தி விஷயம் வந்தபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி எங்கே போயிற்று என்பதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

சர்க்கரையால் உங்கள் காலில் இரண்டு விரல்களை எடுத்த பிறகு லோக்கல் ரயிலில் ஏறி வர முடியாமல் போயிற்று. அங்கிருந்தே ஓட்டலாம் என்று மாப்பிள்ளை போனிலேயே வழி சொல்லிக்கொடுத்தார். என் பழைய போனை டிவி மேஜையில் சார்ஜரோடு நிறுத்தி வைத்தேன். அது என் ஹாலை உங்களுக்குக் காட்டும். தினமும் நாலு மணிக்கு என் வீட்டில் ரயில் தானாகக் கிளம்பும். நான் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வண்டி கிளம்பினால் நீங்கள் எழுந்துவிட்டீர்கள், நன்றாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆறு மாதம் எனக்கு வேறு கடிகாரம் தேவைப்படவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையிலிருந்து ஓய்வூதியத்துக்காக, உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட வங்கியில் வரிசையில் நின்றுவிட்டு, வெயிலில் வந்து, சாப்பிட்டுப் படுத்தேன். மணி இரண்டரைதான் இருக்கும். ஹாலில் ஹாரன். ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்து வந்தேன். நீங்கள் என்னைக் கூப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தேதான் எனக்குக் கோபம் வந்தது. போனை எடுத்து அந்தப் பொத்தானை அமுக்கினேன். வண்டியை நிறுத்தினேன்.

உடனே அழைத்தீர்கள். "இன்னா சம்பந்தி, ஸ்டீல் பண்ணிட்டீங்களா?"

"ஒரு மனுஷன் தூங்க வேண்டாமா? நாலு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன்.

மாப்பிள்ளையின் அப்பாவிடம், முகத்தில் அடித்த மாதிரி. ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

நாலு மணிக்கு எழுந்து பார்த்தால், நான் திருநின்றவூரில் நிறுத்திய வண்டி பட்டாபிராமைத் தாண்டி வழியில் நின்றது. செயலியில் உங்கள் பெயர். திரும்பப் பிடுங்கி, பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டார், கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். நானாவது அழைத்திருக்கலாம். கோபம் இருந்தால் இருக்கட்டும் என்று டீ போட்டுக் குடித்தேன். ஐந்தரைக்குக் கவிதா ஜெர்மனியிலிருந்து அழைத்து அழுதாள். ஐந்து ஸ்டேஷன் தள்ளி நடந்தது எனக்குக் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. பிள்ளைகள் வந்தார்கள், பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பினார்கள். நான் மாலையோடு வந்து, துண்டோடு நின்று, சாப்பிட்டுத் திரும்பினேன். என்மேல் வருத்தத்தோடு போனாரா என்று யாரிடம் கேட்பது? பெண் வீட்டுக்காரன் அந்த இடத்தில் கேட்கிற கேள்வியா அது?

கவிதா வாரம் தவறாமல் சொன்னாள். "அப்பா, வழிய மறிச்சிட்டு நிக்குதே, தடுக்கி விழப்போறீங்க. ஒரு தடவ ஸ்டீல் அமுக்குங்க, வந்துடும்." அவளுக்கு நான் எதையும் சொல்லவில்லை. தினமும் நாலு மணிக்குப் போனை எடுப்பேன். விரல் அந்தப் பொத்தான்வரை போகும். வைத்துவிடுவேன். பிறகு டீ. பிறகு ராத்திரி வரைக்கும் ஒன்றுமில்லை. கோச்சுகளின்மேல் இருக்கும் தூசியைத் துடைத்தேன், எஞ்சினை மட்டும் தொட்டதில்லை.

போன வாரம் மனசு கேட்காமல் வேப்பம்பட்டுக்குக் கிளம்பினேன். சம்பந்தியம்மா எப்போதோ மீன் குழம்பு கொடுத்தனுப்பிய தூக்கு ஒன்று என்னிடம் தங்கிவிட்டது, அதுதான் சாக்கு. வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது, துக்க வீட்டுக்கு எதைப் போட்டுக் கொடுப்பது என்றும் தெரியவில்லை. இரண்டு எலுமிச்சம்பழம் போட்டுக்கொண்டேன். ஸ்டேஷன் வாசலில் உங்கள் மசால்வடைக் கடைக்காரர், "பெரியவரு எங்க, காணோமே?" என்றார். சொன்னேன். வடையைச் சுற்றுவதற்கு எடுத்த காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நானும் வாங்காமல் வந்துவிட்டேன்.

சம்பந்தியம்மாவும் நானும் இத்தனை வருடத்தில் நேருக்கு நேர் பத்து வார்த்தை பேசியிருப்போமா? எல்லாம் உங்கள் வழியாகத்தான். உங்கள் நாற்காலியை விட்டுவிட்டு நான் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முதல் கேள்வியாக, "முட்டி வலி எப்பிடி கீது சம்பந்தி?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முட்டி வலியை நான் கவிதாவிடம்கூடச் சொல்லவில்லையே.

"ரயிலத் தாண்டச்சொல்ல செவுத்தப் புடிச்சிகினு தாண்டறீங்களே, அதான் கேட்டேன்."

டிவி மேஜையில் நான் நிறுத்தி வைத்த பழைய போன்! அதை நான் அணைக்கவே இல்லை. மறந்தே போனேன். சம்பந்தியம்மா உங்கள் போனுக்கு இன்னும் தினமும் சார்ஜ் போடுகிறார். "நாலு மணியானா கை சும்மா இருக்க மாட்டேங்குது. அவரு கூடவே ஒக்காந்து பாத்த பழக்கம். பாப்பேன். நீங்க வருவீங்க, போன எடுப்பீங்க, வெச்சிடுவீங்க. நேத்து ராத்திரிக்கும் ரசஞ்சோறுதான போட்டுகினீங்க?"

இரண்டு மாதமாக இந்த வீட்டில் நான் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், சம்பந்தி. அந்தப் பக்கமும் ஒருவர் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன் எடுக்காம வெச்சிடறீங்க?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன். தூங்கினது, பிடுங்கினது, துண்டித்தது எல்லாவற்றையும். நீங்கள் கோபத்தோடு போய்விட்டீர்கள் என்று நினைத்து நான் சாப்பாடு இறங்காமல் கிடந்ததையும் சொன்னேன். அவர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"கோவமா? அவரா? நீங்க போன வெச்சதும் சிரிச்சிகினே இருந்தாரு. ஒம்போது வருசம் கழிச்சி இன்னிக்குத்தான் சம்பந்தி என்னாண்ட சொந்தக்காரன் மாறி பேசினாருன்னாரு. அப்பால வண்டிய எடுத்தாரு. தூங்கறாரு பாவம், ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு, வேகத்த ஒண்ணுல வெச்சி ஓட்டிகினு இருந்தாரு. ஆவடி போயி சேர்றதுக்குள்ள எழுந்துடுவாருன்னாரு. வழியில மாரு அடைக்குதுன்னாரு. அப்பவும் வண்டி எங்கனா இடிச்சிக்கப் போவுதுன்னு நிறுத்திட்டுத்தான் போன என் கையில குடுத்தாரு."

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். அறுபத்தெட்டு வயதில், சம்பந்தி வீட்டில், பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, விசும்பி அழுதேன். கோபித்துக்கொண்டு பாதியில் விட்டுப்போன வண்டி என்று எத்தனை நாள் அதைத் தாண்டியிருக்கிறேன்! நீங்கள் என்னை எழுப்பாமல் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தீர்கள்.

கிளம்பும்போது கேட்டேன். "அந்த ரிலீஸ் பொத்தான நீங்களே அமுக்கிடுங்களேன், சம்பந்தியம்மா. நான் திருடாம எடுத்துக்கிறேன்."

அவர் போனை முந்தானையில் துடைத்தார். "நான் எதுக்கு உடணும்?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் நாலு மணிக்கு டீயோடு உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நாலேகால். எஞ்சினில் விளக்கு எரிந்தது. ஒரு முறை உலுக்கி நின்று, பிறகு நகர்ந்தது. வேகம் ஒன்றுதான் இருக்கும், எறும்பு முந்திக்கொள்ளும். நான் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு, தரையைத் தடவும் அளவுக்குக் குனிந்து, அது என் வாசலுக்கு வரும்வரை பார்த்தேன். ஆவடியில் நின்றதும் ஹாரன் ஒரே ஒரு முறை, பயந்து பயந்து. நான் டிவி மேஜையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

போன் அடிக்கவில்லை. "இன்னா சம்பந்தி" என்று யாரும் கேட்கவில்லை. நானே ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், உங்களை மாதிரி வரவில்லை. சமையலறைக்கு இப்போது வழி காலியாக இருக்கிறது. பழக்க தோஷத்தில் இன்னும் அந்த இடத்தில் சுவரைப் பிடித்துக் காலைத் தூக்குகிறேன்.

செயலியில் அதே வரிதான். எஞ்சின் வேப்பம்பட்டு மாமா கையில். இருக்கட்டும். அந்தப் பொத்தானை இனி நான் தொட மாட்டேன். வங்கியில் நின்றாலும், வெயிலில் வந்தாலும், காய்ச்சலே அடித்தாலும், உங்கள் வண்டி வரும் நேரத்தில் நான் தூங்கியிருக்க மாட்டேன், சம்பந்தி. இது நிச்சயம்.

இப்படிக்கு,
பெண்ணைக் கொடுத்து, எஞ்சினைத் தெரிந்தே ஒரே ஒரு மத்தியானம் திருடிய
உங்கள் ஆவடிச் சம்பந்தி